ட்ரையரின் பியூஸ் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் பெரும்பகுதிக்கு உடுப்பு உலர்த்த இயந்திரம் தேவைப்படுவதில்லை. காலையில் கொடியில் போட்ட துவாய் மத்தியானத்துக்கு முன்னரே காய்ந்துவிடும். ஐப்பசியில் மாரி தொடங்கிய பின்னர்தான், கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீடுகளிலும், பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையை நாள்தோறும் தோய்க்க வேண்டிய வீடுகளிலும் ட்ரையரின் தேவை எழுகிறது. மாதக்கணக்கில் ஓய்ந்திருந்த இயந்திரம் அப்போது திடீரென்று தினமும் ஓடத் தொடங்குகிறது. அதோடு ஒரே முறைப்பாடு பல வீடுகளிலிருந்து வருகிறது. உருளை சுழல்கிறது, ஆனால் சூடு வருவதில்லை. திருத்துபவர் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றி, விரல் நீளமான ஒரு சிறு பாகத்தை மாற்றுகிறார். சூடு வந்துவிடுகிறது. சில கிழமைகளில் அதே பாகம் மறுபடியும் போய்விடுகிறது.

அந்தப் பாகத்தின் பெயர் தெர்மல் பியூஸ். அது ஏன் திரும்பத் திரும்பப் போகிறது என்பதை விளங்கிக்கொள்ள மின்னியல் அறிவு அதிகம் தேவையில்லை. ட்ரையருக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்பதும், அந்த ஓட்டம் குறைந்தால் வெப்பநிலைக்கு என்ன ஆகிறது என்பதும் தெரிந்தால் போதும்.

உலர்த்துவது சூடா, காற்றா?

மிகச் சாதாரணமான ட்ரையர் வகை, ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுவது. அதனுள்ளே ஒரு மோட்டார் உருளையையும் காற்றாடியையும் சேர்த்தே சுழற்றுகிறது. காற்றாடி அறையின் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்று ஹீற்றரைக் கடந்து சூடாகி, உருளைக்குள் புரளும் உடுப்புகளின் ஊடாகச் சென்று ஈரத்தை எடுத்துக்கொண்டு, பஞ்சுத்தூசு வடிகட்டியைத் தாண்டி, குழாய் வழியாக வெளியேறுகிறது. எடுத்த ஈரத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் விடும் வேலை முழுவதும் காற்றினுடையது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 கிலோ பருத்தி உடுப்பை நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் சுழற்றிப் பிழியும் சலவை இயந்திரத்திலிருந்து எடுத்தால், அதில் ஏறக்குறைய 3 கிலோ நீர் எஞ்சியிருக்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க வேண்டிய மறைவெப்பம் கிட்டத்தட்ட 0.67 கிலோவாற்று மணி. ஆகவே 3 கிலோவுக்கு 2 கிலோவாற்று மணி வேண்டும். 2,000 வாற்று ஹீற்றர் கொண்ட ட்ரையர் எந்த இழப்பும் இல்லாமல் ஓடினாலும் இதற்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். நடைமுறையில் ஒன்றரை மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகும். கிணற்றடியில் தோய்த்துக் கையால் பிழிந்த உடுப்பில் அதன் நிறைக்குக் கிட்டிய அளவு நீர் இருக்கும் என்பதால் நேரம் இன்னும் நீளும். அது பழுது அல்ல, இயந்திரத்திடம் கூடுதலான வேலை கேட்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த கணக்குத்தான் இந்தக் கட்டுரையின் மையம். ஒரு கிராம் காற்றை ஒரு பாகை செல்சியஸால் சூடாக்க ஏறத்தாழ ஒரு யூல் வெப்பம் போதும். 2,000 வாற்று ஹீற்றரை ஒவ்வொரு செக்கனும் 30 கிராம் காற்று கடக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 67 பாகையால் உயரும். அறை 28 பாகையில் இருந்தால் உருளைக்குள் நுழையும் காற்று 95 பாகையில் இருக்கும். ஈரத்தை ஆவியாக்கும்போது அது குளிர்ந்து, வெளியேறும் இடத்தில் அதைவிடக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும். இப்போது எங்கோ ஓர் அடைப்பு ஏற்பட்டு, காற்றோட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். ஹீற்றர் அதே 2,000 வாற்றைத்தான் தருகிறது. ஆனால் அதைச் சுமந்து செல்லக் காற்று பாதியே இருப்பதால், உயர்வு 133 பாகையாகி, ஹீற்றரைச் சுற்றியுள்ள காற்று 160 பாகையைத் தாண்டிவிடும். ஹீற்றரில் எந்தக் கோளாறும் இல்லாமலே ஹீற்றர்ப் பெட்டி அளவுக்கு மீறிச் சுடுகிறது. அதே வேளையில் ஈரத்தை வெளியேற்றப் போதிய காற்று இல்லாததால் உடுப்பு காய்வதும் பிந்துகிறது. காயாத உடுப்பையும் கொதிக்கும் இயந்திரத்தையும் ஒரே நேரத்தில் காண்பது பலருக்குக் குழப்பமாக இருப்பதுண்டு. அவை இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

மூன்று காவல்கள்

இந்த வெப்பத்தைக் கட்டுப்படுத்த ட்ரையரில் வழமையாக மூன்று பாகங்கள் இருக்கும். முதலாவது, வெளியேறும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்து ஹீற்றரை நிறுத்தியும் தொடக்கியும் வைக்கும் தெர்மோஸ்ராற். இரண்டாவது, ஹீற்றர்ப் பெட்டியில் பொருத்தப்பட்டு, அங்கே வெப்பம் எல்லை மீறினால் மட்டும் மின்னைத் துண்டித்து, ஆறியதும் தானாகவோ ஒரு பொத்தானை அழுத்திய பின்னரோ மீண்டும் இணைக்கும் எல்லைத் தெர்மோஸ்ராற். மூன்றாவது தெர்மல் பியூஸ். அது ஒருமுறை துண்டித்தால் மீளாது, மாற்றத்தான் வேண்டும். வட அமெரிக்க ட்ரையர்கள் பலவற்றில் முதலாவது 68 பாகை அளவிலும், காற்றாடியின் அருகிலுள்ள பியூஸ் 91 பாகை அளவிலும், ஹீற்றர்ப் பெட்டியின் எல்லைத் தெர்மோஸ்ராற் 121 பாகை அளவிலும் துண்டிக்கும். இந்த எண்கள் மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால், புதுப் பாகம் வாங்கும்போது பழைய பாகத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். சில மாதிரிகளில் பியூஸ் போனால் சூடு மட்டும் நிற்கும்; வேறு சிலவற்றில் மோட்டாரே தொடங்காது.

இங்கே கவனிக்க வேண்டியது இந்தக் காவல்கள் தளரும் ஒழுங்கு. காற்றோட்டம் குறைந்தவுடன் பியூஸ் போய்விடுவதில்லை. ஹீற்றர்ப் பெட்டியே முன்னதாகச் சுடுவதால், முதலில் எல்லைத் தெர்மோஸ்ராற் திறக்கிறது, ஆறுகிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. எப்போதாவது ஒருமுறை வேலை செய்வதற்காக வைக்கப்பட்ட பாகம் ஒவ்வொரு சலவைக்கும் பல முறை வேலை செய்ய வேண்டியதாகிறது. அதன் தொடுமுனைகள் ஒவ்வொரு துண்டிப்பிலும் சிறு தீப்பொறியால் அரிக்கப்பட்டு, ஒரு நாள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கின்றன. அப்போதுதான் வெப்பம் பியூஸை எட்டுகிறது. ஆகவே பியூஸை மட்டும் மாற்றிய ட்ரையரில் அடைப்பும் இருக்கிறது, களைத்துப்போன தெர்மோஸ்ராற்றும் இருக்கிறது. அடுத்த பியூஸ் முந்தியதைவிடக் குறைந்த காலமே நின்றுபிடிக்கும் என்பதில் வியப்பில்லை.

அடிக்கடி போகிறதே என்ற அலுப்பில் பியூஸை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு வயர்த்துண்டை இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. இதை நான் மிகக் கடுமையாக எதிர்க்கிறேன். ஐக்கிய அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான தரவுகளைக் கொண்டு, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 ட்ரையர்த் தீவிபத்துகள் நடந்ததாக மதிப்பிட்டது. அவற்றில் 34 சதவீதத்துக்குச் சுத்தம் செய்யாமையே முதன்மைக் காரணமாக இருந்தது. பஞ்சுத்தூசு மிக எளிதில் பற்றக்கூடியது. அது ஹீற்றரை நெருங்கும்போது இடையில் நிற்கும் கடைசிக் காவல் அந்தப் பியூஸ். திருத்துபவர் வயர்த்துண்டை வைக்க முன்வந்தால், பாகம் வரும்வரை இயந்திரத்தை ஓடாமல் வைப்பதாகச் சொல்லி மறுத்துவிட வேண்டும்.

இடைவெளி சொல்லும் செய்தி

திரும்பத் திரும்ப வரும் பழுதில் மிகப் பயனுள்ள தகவல், இரண்டு பழுதுகளுக்கும் இடையே சென்ற காலம்தான். ஆனால் திருத்துபவரிடம் அதை யாரும் சொல்வதில்லை; அவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. பியூஸ் மாற்றிய திகதியையும், அதற்குப் பின் எத்தனை முறை உடுப்புப் போட்டோம் என்பதையும் ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டி வைப்பது, மீற்றரைவிடச் சிறந்த பரிசோதனையாக அமையக்கூடும்.

புதுப் பியூஸ் முதலாவது அல்லது இரண்டாவது ஓட்டத்திலேயே போய்விட்டால், மெல்லச் சேரும் தூசு காரணமாக இருக்காது. ஒட்டிப்போன தெர்மோஸ்ராற், வளைந்து தகட்டைத் தொடும் ஹீற்றர்ச் சுருள், தவறான வெப்ப அளவுள்ள பியூஸ், முற்றாக அடைத்துப்போன குழாய் ஆகியவற்றில் ஒன்றையே தேட வேண்டும். சில கிழமைகள் அல்லது இருபது முப்பது ஓட்டங்கள் தாங்கிப் பின் போனால், எங்கோ தூசு சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் போனால் சந்தேகமே வேண்டாம். கோடையில் ஒழுங்காக ஓடி மாரியில் மட்டும் போனால், அதிக ஈரமுள்ள உடுப்பை அளவுக்கு மீறி நிரப்புவதையும், மழைக்குப் பயந்து கதவு யன்னல்களைப் பூட்டிய சிறு அறையில் இயந்திரத்தை ஓட்டுவதையும் பார்க்க வேண்டும். பூட்டிய அறையில் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியிருக்காது. குழாய் பொருத்தாத ட்ரையராக இருந்தால் தான் வெளிவிட்ட ஈரக்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். இடைவெளி எந்த ஒழுங்குக்கும் உட்படாமல் இருந்தால், அடுத்ததாகக் கரண்ட் போன நாட்களோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

காற்று போகும் வழி

பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டிய இடம் வடிகட்டி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின் அதிலுள்ள பஞ்சை எடுப்பவர்களும் கவனிக்காத ஒன்று உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல் படையிலிருந்து வருவதால் வன்மையானது. அதில் தோய்த்த துவாய் காய்ந்ததும் விறைத்துப்போகிறது. அதை மிருதுவாக்கத் துணி மென்மையாக்கித் திரவத்தைத் தாராளமாக ஊற்றுகிறோம். அந்தத் திரவத்தின் மெழுகு போன்ற படலம் வடிகட்டியின் நுண்ணிய கண்களில் படிந்து, கண்ணுக்குத் தெரியாமலே அவற்றை மூடிவிடுகிறது. வடிகட்டியைத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துப் பாருங்கள். நீர் உடனே கீழே இறங்கினால் நல்லது. மேலே தேங்கி நின்றால், மிதமான சுடுநீரும் சவர்க்காரமும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, நன்றாக உலரவிட்டே திரும்பப் போட வேண்டும். ஈரத்தைத் தானாக உணர்ந்து நிற்கும் ட்ரையர்களில் உருளையின் வாயருகே இரண்டு உலோகப் பட்டிகள் இருக்கும். அதே படலம் அவற்றிலும் படிந்தால் அவை ஈரத்தைச் சரியாக உணராமல், உடுப்புக் காயுமுன்னரே இயந்திரத்தை நிறுத்திவிடும்.

வடிகட்டியைத் தப்பிய தூசு அதன் கீழுள்ள அறையிலும் காற்றாடியின் இதழ்களிலும் சேரும். கைக்குட்டை, குழந்தையின் சொக்ஸ், சில்லறைக் காசு போன்றவை அங்கே சிக்கியிருப்பதும் உண்டு. உருளையின் விளிம்பிலுள்ள கம்பளிப் பட்டி தேய்ந்திருந்தால் காற்று உடுப்பினூடாகச் செல்லாமல் பக்கத்தால் கசியும்.

அடுத்தது குழாய். பொதுவாக 4 அங்குல விட்டமுள்ள, உட்பக்கம் வழவழப்பான உலோகக் குழாயே நல்லது. மடிப்புள்ள பிளாஸ்ரிக் குழாயின் ஒவ்வொரு மடிப்பும் தூசைப் பிடித்து வைக்கும், தீப்பிடித்தால் உருகியும் விடும். வட அமெரிக்கக் கட்டட விதிகளில் ட்ரையர்க் குழாயின் நீளம் 35 அடிக்கு மட்டுப்படுத்தப்பட்டு, ஒவ்வொரு செங்கோண வளைவுக்கும் 5 அடி கழிக்கப்படுகிறது. இரண்டு மூன்று வளைவுகளோடு குசினியைச் சுற்றிப் போகும் குழாய் எவ்வளவு தடையைத் தரும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். இயந்திரத்தைச் சுவரோடு தள்ளும்போது பின்னால் குழாய் நசிந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

கடைசியாக, குழாய் வெளியே திறக்கும் வாய். எங்கள் வீடுகளில் பழுது பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. நுளம்பும் பல்லியும் உள்ளே வராமல் இருக்க, அந்த வாய்க்கு நுளம்பு வலை அடிப்பது இங்கே பரவலான வழக்கம். டெங்குக்குப் பயந்து செய்யும் இந்த முன்னெச்சரிக்கை நியாயமானதுதான். ஆயினும் ஈரமான பஞ்சுத்தூசு அந்த வலையில் ஒட்டி, சில கிழமைகளில் அதைக் கம்பளிபோல மூடிவிடும். மேற்சொன்ன விதிகள் ட்ரையர்க் குழாயின் வாயில் வலை பொருத்துவதையே தடைசெய்கின்றன. காற்று வரும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் இலேசான மடிப்புத் தகடே இதற்குச் சரியான மூடி. அதோடு, மாதக்கணக்கில் ஓடாத குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அணில் தும்புகளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். மாரி தொடங்குமுன் இந்த வாயை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது அவசியம்.

அடைப்பு இயந்திரத்திலா குழாயிலா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. யன்னல்களைத் திறந்துவிட்டு, பின்பக்கத்தில் குழாயைக் கழற்றி, பக்கத்தில் நின்றபடி சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். காற்று பலமாக வந்தால் குற்றம் குழாயில். அப்போதும் மெல்லியதாக வந்தால் குற்றம் உள்ளே.

காற்று நன்றாக இருந்தும் பியூஸ் போனால்

மின்பாகங்களைச் சோதிப்பதை அனுபவமுள்ளவரிடம் விடுவது நல்லது. எனினும் அவர் என்ன அளக்கிறார் என்பதைத் தெரிந்துவைப்பது பயன் தரும். வயர்களைக் கழற்றிய பியூஸில் மீற்றர் பூச்சியத்துக்குக் கிட்டிய தடையைக் காட்டினால் பியூஸ் நலம். வாசிப்பே இல்லையென்றால் அது அறுந்துவிட்டது. 230 வோல்ற்றில் 2,000 வாற்று தரும் ஹீற்றரின் தடை ஏறக்குறைய 26 ஓம். அதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் சுருளின் ஒரு பகுதி ஷோர்ட் ஆகி, கூடுதலான வெப்பத்தைத் தருகிறது. ஹீற்றரின் முனைக்கும் தகட்டுக்கும் இடையே எந்த வாசிப்பும் இருக்கக்கூடாது. இருந்தால், ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டில் அது உடனே விழும். அது இல்லாத பழைய வயரிங்கில், தெர்மோஸ்ராற் திறந்த பின்னும் சுருள் தொடர்ந்து சுடக்கூடும்.

மின்வெட்டு இன்னொரு காரணம். கரண்ட் போகும் கணத்தில் ஹீற்றரும் காற்றாடியும் ஒன்றாக நிற்கின்றன. ஆனால் சிவந்திருந்த சுருளின் வெப்பத்தை எடுத்துச் செல்லக் காற்று இல்லாததால், அது பெட்டிக்குள்ளேயே தேங்கிக் காவல் பாகங்களைச் சுடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களும் சூடில்லாத காற்றோடு ஓடுவது இதைத் தவிர்க்கவும் உதவுகிறது. கரண்ட் போனால் கதவைத் திறந்து, உடுப்பை உடனே வெளியே எடுத்து விரித்துப் போட வேண்டும். நல்லெண்ணெய் முழுக்குக்குப் பயன்படுத்திய துவாயை ட்ரையரில் போடவே கூடாது. எண்ணெய் ஊறிய துணி சூட்டோடு குவிந்து கிடந்தால், தானாகவே மேலும் சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இயந்திரங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். கனடாவின் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், எங்களுடையது 50. அங்கிருந்து வந்த ட்ரையரின் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். காற்றோட்டமும் அதே விகிதத்தில் குறையும். 240 வோல்ற்று ஹீற்றர் 230 இல் தரும் வெப்பம் 8 சதவீதமே குறைவதால், காற்றின் வெப்பநிலை உயர்வு முந்தியதைவிட ஏறக்குறைய 10 சதவீதம் கூடிவிடும். 120 வோல்ற்று மோட்டாரை மின்மாற்றியோடு இணைத்தாலும் அலைவெண் மாறுவதில்லை. இத்தகைய இயந்திரத்தில் தூசு சற்றுச் சேர்ந்தாலே பியூஸ் போவது இதனால்தான். பிரித்தானிய இயந்திரங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 2004 ஏப்ரலுக்கும் 2015 செப்ரெம்பருக்கும் இடையே ஹொட்பொயின்ற், இன்டெசிற், கிரீடா முதலிய பெயர்களில் தயாரிக்கப்பட்ட சில மாதிரிகளில் பஞ்சுத்தூசு ஹீற்றரைத் தொடும் குறைபாடு இருப்பதை அவற்றின் அப்போதைய உரிமை நிறுவனமான வேர்ள்பூல் 2015 இல் அறிவித்தது. அதுவரை திருத்தப்படாதவை 2019 இல் மீளப்பெறப்பட்டன. இலண்டனிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய ட்ரையர் என்றால் மாதிரி இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இணைக்க வேண்டும்.

காரணத்தைக் கண்டு நீக்கிய பின் பியூஸை மட்டும் மாற்றாமல், எல்லைத் தெர்மோஸ்ராற்றையும் சேர்த்து மாற்றுவது நல்லது; அதனால்தான் பல மாதிரிகளுக்கு இவ்விரண்டும் ஒரே பொதியாக விற்கப்படுகின்றன. முதல் ஓட்டத்துக்கு அரைப்பங்கு உடுப்பைப் போட்டு, வெளிவாயில் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். வெப்பநிலை 50 முதல் 70 பாகைக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் தெர்மோஸ்ராற் வேலை செய்கிறது. 80 ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்திவிட்டுத் திருத்துபவரை அழைத்து, அந்த வெப்பநிலையையும் தாளில் குறித்த திகதிகளையும் அவரிடம் காட்டுங்கள்.